காருக்குள் வந்த வானொலியும் ஒரு கறுப்புக் கம்பியும்

கொழும்பில் காருக்கு வானொலி பூட்டும் தொழிலாளி எவரிடம் போய் நின்றாலும், அவர் தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும், ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்துவிடும். "பொடி ஏர்த்" என்பதே அச்சொல். இரண்டு ஆங்கிலச் சொற்கள் மூன்று சமூகத்தவரின் நாவிலும் ஒரே மாதிரித் தேய்ந்து இப்படியாகியிருக்கின்றன. நமது பாடநூல்கள் இதனைப் புவித்தொடுப்பு என்று அழகாகச் சொல்கின்றன. ஆயினும் பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தையிலோ அந்தச் சொல்லைச் சொன்னால் நம்மை ஆசிரியர் என்று நினைத்துக் கதிரை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், வேலை நடக்காது.

பற்றரியிலிருந்து மின் ஒரு கம்பி வழியே வானொலிக்குப் போகிறது. திரும்பி வருவதற்கு இன்னொரு கம்பி வேண்டும் அல்லவா? காரில் அந்த இரண்டாவது கம்பி பற்றரிவரை போவதில்லை. வானொலியின் பின்புறத்திலிருந்து வரும் கறுப்புக் கம்பி, அருகிலிருக்கும் இரும்புத் தகட்டில் ஓர் ஆணியோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு காரின் உடம்பே கம்பி. இரப்பர்ச் சில்லுகளின் மேல் நிற்கும் ஒரு வண்டிக்கும் புவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் பெயர் மட்டும் "ஏர்த்". இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால் நாம் வந்து நிற்கும் இடம் தந்திக் கந்தோர்.

தந்தியின் ஆரம்ப காலத்தில் ஒரு செய்தி போக இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன. 1838இல் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த கார்ல் ஓகஸ்ட் ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி, ரயில் தண்டவாளத்தையே கம்பியாகப் பயன்படுத்தலாமா என்று சோதித்துப் பார்த்தார். மின் மண்ணுக்குள் கசிந்துவிட்டது. சோதனை தோற்றது. ஆனால் மண்ணுக்குள் மின் செல்கிறதெனில், திரும்பும் கம்பிக்குப் பதிலாக மண்ணையே வைத்துக்கொள்ளலாமே என்று அவர் சிந்தித்தார். இரு முனையிலும் செப்புத் தகடுகளைப் புதைத்தார்; கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது. அன்றிலிருந்து திரும்பும் வழிக்கு ஏர்த் என்று பெயர். பின்னாளில் வந்த மோட்டார் வண்டிக்காரர்கள் மண்ணுக்குப் பதிலாக வண்டியின் உடம்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கைக்கு இந்த உத்தி வந்தது 1858இல். அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் காலிக்கும் இடையே முதலாவது தந்திக் கம்பி போடப்பட்டது. பத்திரிகைக்காரன் என்ற வகையில் இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஐரோப்பியக் கப்பல்கள் அந்நாட்களில் காலித் துறைமுகத்துக்கே வந்தன. செய்தித்தாள்கள் அங்கே இறங்கும். அவற்றிலுள்ள செய்திகளை விரைவாகக் கொழும்புக்குக் கொண்டுவருவதற்காக "கொழும்பு ஒப்சேவர்" பத்திரிகை 1850 முதல் புறாக்களைப் பயன்படுத்தி வந்தது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. நமது தொழிலில் இயந்திரத்தினால் வேலையிழந்த முதல் ஊழியர்கள் அந்தப் புறாக்களே எனலாம்.

இலங்கையில் வானொலியும் தந்தித் திணைக்களத்தின் பிள்ளையே. அத்திணைக்களத்துக்குப் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியில் கொழும்பு மத்திய தந்திக் கந்தோரில் ஒரு சிறிய அறையிலிருந்து பரீட்சார்த்தமாக இசைத்தட்டுக்களை ஒலிபரப்பினார். முதலாம் உலக யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிப் பாகங்கள் அந்த ஒலிபரப்புக் கருவியில் பயன்பட்டன என்பது நமது வானொலி வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் தகவல். 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். இலண்டனில் பி.பி.சி. தனது அன்றாட ஒலிபரப்பைத் தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஆசியாவின் முதல் வானொலி என்று இதனைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. அவர்கள் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலையிலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்தக் கழகம் பணமின்றி மூடப்பட்டது. கொழும்பு தொடர்ந்து நடந்தது. பெருமைப்பட அதுவே போதும்.

காருக்குள் வானொலியை ஏற்றிய புகழ் அமெரிக்காவின் போல் கல்வின் என்பவருக்கு உரியது. அவருக்கு முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். ஆயினும் 1930இல் தமது ஸ்டுடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பூட்டி, அத்திலாந்திக் சிற்றியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு அதனை ஓட்டிச் சென்று, மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி ஒலிக்கவிட்டவர் அவரே. மோட்டார் என்பதையும் ஒலி என்பதையும் சேர்த்து அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. அதன் விலை 100 டொலருக்கும் மேல். 1932இல் ஜெர்மனியின் புளோபுங்ற் நிறுவனம் வெளியிட்ட ஐரோப்பாவின் முதல் கார் வானொலி 465 மார்க். ஒரு சிறிய காரின் விலையில் மூன்றிலொரு பங்கு.

அன்றைய வானொலி வால்வுகளால் ஆனது. வால்வுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கார் பற்றரியோ 6 அல்லது 12 வோல்ட்டே தரும். நேரோட்டத்தை நிலைமாற்றியில் ஏற்ற முடியாது என்பதால், மணிபோல அதிரும் ஒரு சிறு தகட்டினால் அந்த நேரோட்டத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி, ஆடலோட்டம் போலாக்கி, பிறகு உயர்த்தினார்கள். அந்தத் தகட்டுக்கு வைப்ரேட்டர் என்று பெயர். பழைய கார் வானொலியைத் திறந்தவுடன் பாட்டு வருமுன்னர் ஒரு வண்டு இரைவதுபோல் கேட்குமே, அது வைப்ரேட்டரின் இரைச்சல். இது போதாதென்று இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமாக நின்று வானொலிக்குள் "டக் டக்" என்று புகுந்தன. செருகிகளுக்குத் தடைகள் போட்டும், டைனமோவுக்குக் கொள்ளளவி ஒன்றைக் கட்டியும், எஞ்சின் மூடியைத் தனிப் பின்னற் கம்பியால் உடம்போடு இணைத்தும் அந்தச் சத்தத்தை அடக்கினார்கள். வானொலி பூட்டுவதென்பது அக்காலத்தில் ஒரு நாள் வேலை.

இனி நமது ஊருக்கு வருவோம்.

இலங்கையில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ 40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், போர்ட் ஆங்கிலியா என்று பட்டியல் நீளும். ஐம்பது வயதைத் தாண்டிய எந்த இலங்கைத் தமிழருக்கும் இவற்றுள் ஒன்றோடு குடும்ப உறவு இருக்கும்; கலியாணத்துக்கு மாப்பிள்ளை வந்த கார், அல்லது அம்மாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன கார். இந்தப் பிரித்தானியக் கார்களில் ஒரு விசித்திரம் இருந்தது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து அந்நாட்டுக் கார்களில் பற்றரியின் நேர்முனையையே உடம்போடு இணைத்தார்கள். நேர்முனைப் புவித்தொடுப்பு என்பது இதுவே. இப்படிச் செய்தால் முனைகளில் களிம்பு பிடிப்பது குறையும், தீப்பொறி எளிதாகப் பாயும் என்று காரணம் சொல்லப்பட்டது. 1960களின் பிற்பகுதிவரை இந்த வழக்கம் நீடித்தது. ஜப்பானியரின் நிசான், ரொயோட்டா கார்களிலோ எதிர்முனை உடம்போடு இணைந்திருந்தது.

வால்வு வானொலிகளில் பலவற்றுக்கு இது பெரிய விடயமாக இருக்கவில்லை. மின்னை எப்படியும் வெட்டித்தானே உயர்த்தப்போகிறது? சில வானொலிகளில் முனையை மாற்றிக்கொள்ள ஒரு சிறு செருகியும் இருந்தது. திரான்சிஸ்டர் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. திரான்சிஸ்டருக்கு முனை மாறினால் மன்னிப்புக் கிடையாது. ஒரு கண நேரத்தில் கருகிவிடும். 1960களிலும் 70களிலும் கொழும்புக்கு வந்த ஜப்பானிய வானொலியை வாங்கிக்கொண்டுபோய் அப்பாவின் மொறிஸ் மைனரில் பூட்டியவர்கள் பலர் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துப் படித்தார்கள்.

இதற்கு நமது "பாஸ்"மார் கண்ட வழிகள் இரண்டு. (பாஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் மொழியில் எசமானைக் குறித்தது, சிங்களத்தில் கைவினைஞரைக் குறித்து, அங்கிருந்து கொழும்புத் தமிழுக்கு வந்தது.) முதலாவது வழி, காரையே மாற்றுவது. பற்றரியைத் திருப்பி வைத்து, தீச்சுருளின் இரண்டு சிறு கம்பிகளை இடம் மாற்றி, டைனமோவின் காந்தச் சுருளுக்குப் பற்றரியிலிருந்து ஒரு கம்பியால் கண நேரம் தொட்டுக்காட்ட வேண்டும். அந்தத் தொடுகையில் டைனமோவின் காந்தத்தில் எஞ்சியிருக்கும் திசை திரும்பிவிடும். அதன் பிறகு கார் ஜப்பானியக் காரைப் போலவே நடந்துகொள்ளும். கேட்பதற்கு மந்திரம் போலிருக்கும் இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது வழி, காரைத் தொடாமல் வானொலியைத் தனிமைப்படுத்துவது. வானொலியின் தகரப் பெட்டி காரின் உடம்பில் எங்கும் படாதபடி சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுவார்கள். ஆணிகளுக்கும் இரப்பர் வளையம் போடுவார்கள். கறுப்புக் கம்பியை உடம்பில் பூட்டாமல் பற்றரியின் எதிர்முனைக்கே கொண்டுபோவார்கள். எல்லாம் சரியாக இருக்கும். பிறகு அன்ரனாவைச் செருகுவார்கள், புகை வரும். அன்ரனாக் கம்பியின் வெளிப்பின்னல், அன்ரனாவின் அடியில் காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. மறுமுனையில் வானொலியின் பெட்டியோடு இணைகிறது. வாசலைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்துவைத்த கதை. இதை அறிந்த பாஸ் அன்ரனாவின் அடியிலும் இரப்பர் வைப்பார். அவரே நல்ல பாஸ் என்று பெயரெடுத்தார். கொட்டாஞ்சேனையில் அறுபது வயதைக் கடந்த ஒரு தமிழர் எனக்கு இதனை இப்படி விளக்கினார்: "ஐயா, போறதுக்கு ஒரு வழி, வாறதுக்கு ஒரு வழி. வாறதுக்கு ரெண்டாவது வழி ஒண்டு இருந்தா, அங்கதான் நெருப்பு."

இத்தனை பாடுபட்டு எதைக் கேட்டார்கள்? வேறெதை, இலங்கை வானொலியை. 1950இல் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பு, தமிழகத்தையே கட்டிப்போட்ட கதை எல்லோரும் அறிந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒன்று மட்டும். மத்திய அலையில் வந்த அந்தக் குரல்கள் மின்கம்பிகளுக்குக் கீழே கார் போகும்போது கரகரத்தன. புவித்தொடுப்புச் சரியில்லாத காரில் எந்நேரமும் கரகரத்தன.

1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. புதிய காரும் இல்லை, புதிய வானொலியும் அரிது. பழையதைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்ததால், நமது பாஸ்மாரின் கைத்திறன் உச்சத்துக்கு வந்த காலமும் அதுவே என்பது என் அபிப்பிராயம். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனாவின் அரசாங்கம் கதவைத் திறந்தது. ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கசெற் கருவிகளோடு திரும்பினார்கள். வெள்ளவத்தை காலி வீதியில் இளையராஜாவின் பாடல்களைப் பதிவுசெய்து கொடுக்கும் கடைகள் தோன்றின.

1958இல் அரசுடைமையாக்கப்பட்டிருந்த பேருந்துச் சேவையில் 1979இல் தனியாரும் அனுமதிக்கப்பட்டனர். அன்றிலிருந்து நமது காதுகளுக்கு நிம்மதியில்லை. தனியார் பேருந்தில் பாட்டு ஒரு சேவை. பயணி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது உண்டு. இதிலும் ஒரு மின் விவகாரம் இருக்கிறது. பேருந்து 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்திருக்கும். பாட்டுக் கருவியோ 12 வோல்ட். உடம்போடு எதிர்முனை இணைந்த பற்றரியிலிருந்து மட்டும் ஒரு கம்பியை இழுத்துக் கருவிக்குக் கொடுத்துவிடுவார்கள். பாட்டு அமோகமாகக் கேட்கும். ஆனால் ஒரு பற்றரி நாள்முழுதும் பாட்டுக்கு உழைத்து வற்ற, மற்றது அளவுக்கு மீறி ஏற்றப்பட்டுக் கொதித்து, சில மாதங்களில் இரண்டும் சாகும். 24ஐ 12 ஆக்கும் ஒரு சிறு கருவியை வாங்கிப் பூட்டினால் போதும். அதன் விலையைவிட அதிகமான பணத்தைப் பற்றரிகளுக்குச் செலவழித்த முதலாளிமாரை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு 1983 வந்தது. அந்த ஜூலையில் கொழும்பில் தெருவில் போன வாகனங்களை மறித்து, உள்ளே இருந்தவர்களைச் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லித் தமிழரா என்று பரிசோதித்தார்கள். அவ்வாகனங்களிலிருந்து உறிஞ்சிய பெற்றோலே வீடுகளையும் கடைகளையும் எரிக்கப் பயன்பட்டது. தப்பி வந்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தைத் தூரத்தில் கண்டவுடன் முதலில் செய்த காரியம் கசெற்றை நிறுத்தியதுதானாம். சிலர் கசெற்றைக் கழற்றி ஆசனத்துக்கு அடியில் தள்ளினார்கள். உச்சரிப்பை மறைத்துக்கொள்ளலாம், பாடிக்கொண்டிருக்கும் ரி.எம். சௌந்தரராஜனை எப்படி மறைப்பது? அதன் பின்னர் ஒரு தலைமுறைக் காலம், கொழும்புத் தமிழரின் காரில் ஒலியளவு என்பது இடத்தைப் பொறுத்த விடயமாயிற்று. வெள்ளவத்தையில் ஓர் அளவு, கொட்டாஞ்சேனையில் ஓர் அளவு, நான் குடியிருக்கும் நுகேகொடையில் இன்னோர் அளவு. எவரும் கட்டளையிடவில்லை. கை தானாகத் திருகியது.

வடக்கில் கதை வேறு. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது, எரிபொருளும் இருந்தது. கைமின்விளக்குக்குப் போடும் சின்ன பற்றரிகூடப் பெறுமதியான கடத்தற் பொருளாயிற்று. பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வாகனங்களின் புகையின் மணத்தை அக்காலத்தில் அங்கிருந்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

செய்தி கேட்க வேண்டுமே? அங்கே சைக்கிள் டைனமோ வந்து நின்றது. சில்லில் உராய்ந்து விளக்கெரிக்கும் அந்தப் போத்தல் வடிவ டைனமோ 6 வோல்ட் தரும். நான்கு சின்ன பற்றரி போடும் வானொலிக்கும் தேவை 6 வோல்ட். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். பழுதான கருவிகளிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளையும் ஒரு பெரிய கொள்ளளவியையும் சேர்த்துக்கட்டி அதனை நேரோட்டமாக்கினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, மற்றவர்கள் வானொலியைச் சுற்றி அமர்ந்து இலண்டன் பி.பி.சி. தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். முக்கியமான இடத்தில் குரல் இறங்கினால் ஏச்சு விழும்.

இந்த டைனமோவிலிருந்து புறப்படுவது ஒரே ஒரு கம்பி. திரும்பும் வழி சைக்கிளின் சட்டகம். டைனமோவை முன்கவட்டில் பிடித்திருக்கும் கௌவியின் ஆணி, வர்ணப்பூச்சைத் துளைத்துக்கொண்டு இரும்பைத் தொட்டால்தான் சுற்று பூர்த்தியாகும். ஆகவே குடாநாட்டுப் பிள்ளைகள் பலர், பாடசாலையில் மின்னியல் படிக்குமுன்பே, வர்ணத்தைச் சுரண்டினால்தான் செய்தி கேட்கும் என்பதை அறிந்திருந்தார்கள். 1838இல் ஸ்டைன்ஹைல் மண்ணில் புதைத்த தகடு, 1990களில் உரும்பிராயிலும் சாவகச்சேரியிலும் றலி சைக்கிளின் முன்கவட்டில் வந்து நின்றது. எங்கள் பத்திரிகைக்கு வடக்கின் செய்தி கொழும்பில் கிடைப்பதற்கே நாட்கள் சென்ற அக்காலத்தில், வடக்கைப் பற்றிய செய்தியை வடக்கிலுள்ளவர்கள் இலண்டன் வழியாகக் கேட்டது இப்படித்தான்.

கொழும்பில் அதே ஆண்டுகளில் கம்பி என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்திருந்தது. குண்டுவெடிப்புகள், அதனைத் தொடர்ந்த சோதனைச் சாவடிகள். 2007 நவம்பர் 28ஆம் திகதி நுகேகொடையில் ஒரு துணிக்கடையில் வைக்கப்பட்ட பொதி வெடித்துப் பலர் இறந்த நாளை இந்த ஊரில் எவரும் மறக்கவில்லை. கடைக்கு வந்திருந்த சாதாரண மக்கள் அவர்கள். அதன் பிறகு பொதி என்றாலும் பயம், கம்பி என்றாலும் பயம். அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் சுமை ஒரு பக்கத்தார் மீதே அதிகம் விழுந்தது. அடுத்த ஆண்டு நண்பர் ஒருவருடைய பழைய காரில் இரவுப் பணி முடிந்து வந்துகொண்டிருந்தோம். வானொலியைப் பழுதுபார்க்கக் கழற்றிக் கொடுத்திருந்தார். முகப்புத் தட்டில் செவ்வகமாக ஒரு பொந்து; அதிலிருந்து மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஊதாக் கம்பிகள் ஒரு கொத்தாகத் தொங்கின. சாவடியில் நின்ற இளைஞர் விளக்கை உள்ளே அடித்தார். அடையாள அட்டைகளையும் பார்த்தார். பெயர்கள் தமிழ், கம்பிகள் வெளியே. இறங்கச் சொன்னார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தெருவோரத்தில் நின்றோம். மேலதிகாரி ஒருவர் வந்தார். மஞ்சள் எதற்கு, சிவப்பு எதற்கு என்று கேட்டார். நண்பர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார்: மஞ்சள் எப்போதும் மின் இருக்கும் கம்பி, நிலையங்களையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பதற்கு, சிவப்பு, சாவி திருகினால் மட்டும் மின் வரும் கம்பி, கறுப்பு ஏர்த், வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் அவற்றின் கறுப்புக்கோடு போட்ட சோடிகளும் ஒலிபெருக்கிகளுக்கு. அதிகாரி கறுப்புக் கம்பியைப் பிடித்து அது முடியும் ஆணிவரை விரலாலேயே தடவிப் பார்த்தார். "பொடி ஏர்த்" என்றார். அவருடைய மைத்துனர் கம்பி வேலை செய்பவராம். போகச் சொன்னார். அந்த இரவில் அந்த ஒரு சொல் எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது. மறுநாள் காலை நண்பர் அந்தப் பொந்தை ஒரு மட்டையால் மூடினார்; வானொலி திரும்பி வரும்வரை இரவில் கார் எடுக்கவில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. சாவடிகள் மெல்ல மறைந்தன. கார் வானொலி வியாபாரம் செழித்தது. இதற்கு விசித்திரமான ஒரு காரணம் உண்டு. இங்கே வரும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் சில காலம் ஓடி, மீளமைத்து அனுப்பப்படுபவை. ஜப்பானில் எப்.எம். வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. 90 முதல் 108 வரையுள்ள பகுதியை அவர்கள் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். 2011இல் பழைய முறைத் தொலைக்காட்சி பெரும்பாலான மாகாணங்களில் நிறுத்தப்பட்ட பின்னரே வானொலியை 95வரை நீட்டினார்கள். உலகின் பிற பகுதிகளிலோ, இலங்கையிலோ, எப்.எம். என்றால் 88 முதல் 108 வரை. 1998இல் தொடங்கிய சூரியனும் சக்தியும் 100க்கு மேலே இருக்கின்றன. பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய காரில் ஒரு தமிழ் நிலையமும் கேட்காது. காலையில் சாவியைத் திருகினால், சுங்கச்சாலை அட்டை செருகப்படவில்லை என்று ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பணிவோடு அறிவிக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மலிவான தீர்வு, அன்ரனாவுக்கும் வானொலிக்கும் இடையே பூட்டும் ஒரு சின்னப் பெட்டி. வரும் மீடிறனைக் குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 18 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டியில் 103 என்பது 85இல் கேட்கும். வீட்டுக்காரர்கள் எந்த நிலையம் எங்கே என்று ஒரு துண்டில் எழுதிக் கண்ணாடிக்கு மேலே செருகிவைப்பார்கள். இந்தப் பெட்டிக்கும் ஒரு கறுப்புக் கம்பி உண்டு. பெரும்பாலும் அதனைத்தான் அவசரத்தில் ஏதாவதொரு வர்ணம் பூசிய ஆணியில் சுற்றிவிடுகிறார்கள். பிறகு எல்லா நிலையங்களும் இரைகின்றன. பெட்டி பிடிக்காதவர்கள் வானொலியையே மாற்றிவிடுகிறார்கள். வானொலியின் முகப்புக்கு ஜெர்மானியர் வகுத்த அளவே உலகத்துக்கும் அளவாயிற்று; ஏறத்தாழ 18 சென்றிமீற்றர் அகலம், 5 சென்றிமீற்றர் உயரம். ஜப்பானியர் அதன் இருமடங்கு உயரத்தை விரும்பினார்கள். இன்று அந்தப் பொந்தில் தொடுதிரைகள் உட்கார்ந்திருக்கின்றன.

மாற்றுவோருக்கு, பாஸ்மாரிடம் கேட்டறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கம்பி பூட்டும் இடத்தில் வர்ணம் இருக்கக் கூடாது. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வளையம் போட்டு இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவ வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்காற்று படும் கார்களுக்கு இது கட்டாயம். அங்கே இரண்டு மழைக்காலம் போதும், ஆணி துருப்பிடிக்க. தனியாக ஒலிப்பெருக்கும் கருவி பூட்டினால், அதன் கறுப்புக் கம்பி குட்டையாகவும் சிவப்புக் கம்பிக்கு நிகரான தடிப்பாகவும் இருக்கட்டும். பற்றரியிலிருந்து புறப்படும் சிவப்புக் கம்பியில், பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் உருகி போடாமல் விடவே கூடாது. உருகி வானொலியைக் காப்பதற்கென்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் அறையில் கம்பி உரசித் தோலுரிந்தால் காரை எரியவிடாமல் காப்பது அந்த உருகியே. ஒலிபெருக்கியின் எதிர்க்கம்பியைப் பழைய காலத்து நினைவில் உடம்போடு இணைத்துவிட வேண்டாம். இன்றைய கருவிகளில் ஒலிபெருக்கியின் இரண்டு கம்பிகளிலும் மின் உண்டு, இணைத்தால் கருவி போய்விடும். எஞ்சினை முறுக்கும்போது கூடவே ஏறும் கீச்சொலி கேட்டால், வானொலியும் பெருக்கியும் வெவ்வேறு இடங்களில் புவித்தொடுக்கப்பட்டிருக்கின்றனவா, அவற்றுள் ஒன்று தளர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. அவை கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கைக்கும் ஒரு வானொலி மாறியது. தெல்கந்தையில் அண்மையில் ஒரு பழைய ரொயோட்டாவின் முகப்புத் தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே மூன்று வானொலிகளின் கம்பிகள் இருந்தன. அடியில் தொழிற்சாலை போட்டது, அதன்மேல் கசெற் காலத்தது, அதன்மேல் குறுந்தட்டுக் காலத்தது. எல்லாம் கறுப்பு நாடாவில் சுற்றப்பட்டு, ஒன்றும் கழற்றப்படாமல். மூன்று கறுப்புக் கம்பிகளும் ஒரே ஆணியில் முடிந்தன. அந்த ஆணியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. பாஸ் அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, நான்காவது கம்பியையும் அதிலேயே பூட்டினார்.